சாட்சித் துண்டு

எலும்பு வங்கியில் அவளை எல்லோரும் சோப்பு என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டையோடு சரி. எந்த மேலதிகாரிக்கும் சோப்புப் போட்டுப் பழக்கமில்லாத ஒருத்திக்குப் போய் இப்படிப் பெயர் அமைந்ததே என்று அங்கே சிரிக்காத ஆளில்லை. கை கழுவும் தொட்டிக்குப் போனாளென்றால் லேசில் கரையேற மாட்டாள். விரல் இடுக்கு, நகக்கண், மணிக்கட்டு, முழங்கை என்று ஒரு சுற்று முடித்துக் குழாயை மூடுவாள். மூடிய பிறகு, குழாயைத் தொட்ட கை என்று மறுபடி திறப்பாள். பின்னால் நிற்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

எலும்பு வங்கி என்றதும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். இடுப்பு மூட்டு மாற்றும்போது மருத்துவர்கள் எடுத்து ஒதுக்குகிற எலும்பை, உரியவரின் சம்மதத்தோடு வாங்கி வருவார்கள். ரத்தமும் கொழுப்பும் போகக் கழுவி, கேட்ட அளவுக்கு வெட்டி, உறைய வைத்து, உறையில் போட்டு ஒட்டி, கடைசியில் கதிர் பாய்ச்சிக் கிருமியைக் கொன்று, எலும்பு தேவைப்படுகிறவர்களுக்கு அனுப்புவார்கள். உறையில் போட்டு ஒட்டுவதும், கதிர்க்கூடத்துக்கு அனுப்பி வாங்குவதும் சோப்பின் வேலை. நறுவிசான கை. அவள் ஒட்டிய உறை பிரிந்துவிட்டதாக இதுவரை ஒரு புகார் வந்ததில்லை.

கதிர் பாய்ச்சுவதில் ஒரு சூட்சுமம் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான். "இந்த எலும்பு செத்த எலும்புதான். ஆனா இதுக்குள்ள ஒரு சத்து இருக்கு. யார் உடம்புல வைக்கிறோமோ அந்த உடம்போட செல்லையெல்லாம் அது கைதட்டிக் கூப்பிடும், வாங்க, இங்க வந்து கட்டுங்கன்னு. கதிரைக் குறைச்சு விட்டா கிருமி சாகாது. கூட்டி விட்டா அந்தச் சத்து செத்துடும், எலும்பும் ரஸ்க் மாதிரி ஆயிடும். அதனால சுத்தி ட்ரை ஐஸ் வெச்சு, அளந்து, ஒரே ஒரு தடவை. புரிஞ்சுதா? ஒரே தடவை." ஒரு விரலை நிமிர்த்திக் காட்டிக்கொண்டே சொல்வாள். இவ்வளவு தெளிவாகச் சொன்னவள் என்ன செய்தாள் என்பதுதான் கதை.

அவளுக்கு ஒரு தம்பி. லிஃப்ட் மெக்கானிக். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனை வளர்த்தது இவள்தான். வளர்த்த லட்சணத்தை அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிவான். பாலைக் காய்ச்சுவாளாம். பொங்கிவிட்டது போதாது என்று இன்னொரு முறை காய்ச்சுவாளாம். ஆறிவிட்டதே, ஈ ஏதாவது உட்கார்ந்திருக்குமோ என்று மூன்றாவது முறை. "எங்கக்கா பால் காய்ச்சினா கடைசியில ஆடையும் பாத்திரமும்தான் மிஞ்சும். நான் வளர்ந்தது பால்ல இல்ல, ஆவியில" என்பான். அவன் பெண்டாட்டி இதை எத்தனையோ தரம் கேட்டிருந்தாலும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பாள்.

அந்தத் தம்பி லிஃப்ட் குழிக்குள் விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டான். முதல் அறுவையில் அவனுடைய இடுப்பிலிருந்தே கொஞ்சம் எலும்பு சுரண்டி எடுத்து, முறிந்த இடத்தில் வைத்து, தகடு போட்டு மூடினார்கள். அங்கே சீழ் வைத்துவிட்டது. கட்டுப் பிரிக்கும்போது சோப்பு பக்கத்தில்தான் நின்றாள். அன்றைக்கு அடித்த வாடை அவள் மூக்கில் குடியேறியது, பிறகு காலி செய்யவே இல்லை. பேருந்தில், சமையலறையில், தலையணையில் எங்கும் அது வரும். தகட்டைக் கழற்றினார்கள், ஊசி மேல் ஊசி போட்டார்கள், காலுக்கு வெளியே கம்பிக் கூண்டு மாட்டினார்கள். சீழ் ஒருவழியாக அடங்கியது. நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு எலும்பு இல்லாத ஓர் இடைவெளி மட்டும் நின்றுவிட்டது. கூண்டும் ஊன்றுகோலுமாக அவன் வீட்டுக்குள்ளேயே கிடந்தான்.

"சொந்த எலும்புக்கு ஈடு கிடையாது. இந்தத் தடவை அடுத்த பக்க இடுப்புல இருந்து எடுத்துக்கலாம்" என்றார் அறுவை மருத்துவர்.

தம்பி கையெடுத்துக் கும்பிட்டான். "டாக்டர், காலைக்கூட எடுத்துக்குங்க. இடுப்புல மட்டும் கை வைக்காதீங்க. கால் உடைஞ்சப்பகூட அப்படி வலிக்கல. இருமினா உயிர் போச்சு, சிரிச்சா உயிர் போச்சு. எங்க வீட்டுல எங்கக்கா இருக்கும்போது சிரிக்காம எப்படி இருக்கிறது?"

அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. "அக்கா, எனக்காக நீ இது ஒண்ணு பண்ணு. இடுப்புல கத்தி படாமப் பாத்துக்க."

சரி என்றாள். மருத்துவரும் யோசித்துவிட்டு, வங்கி எலும்பே வாங்கலாம், சத்துள்ள நல்ல துண்டாக இருக்க வேண்டும் என்று அளவு எழுதி அனுப்பினார். ஒரு ஓரம் சரிவாக வெட்டிய சதுரத் துண்டு. வெட்டும் மேசையில் அந்த வடிவத்தைப் பார்த்ததுமே இது தம்பியின் காலுக்குப் போகிறது என்று சோப்புக்குத் தெரிந்துவிட்டது. அதை உறையில் போட்டு ஒட்டியவள், ஒட்டிய ஓரத்தை மறுபடி மறுபடி தடவிப் பார்த்தாள்.

ஒவ்வொரு எலும்போடும் அதே எலும்பிலிருந்து சீவிய ஒரு மெல்லிய பட்டையும் போகும். அதற்குச் சாட்சித் துண்டு என்று பெயர். உறையின் இன்னொரு பையில் அது கிடக்கும். எலும்பு எங்கே போனாலும் அதுவும் போகும், எலும்பு பட்டதெல்லாம் அதுவும் படும். கடைசியில் எலும்பு மருத்துவமனைக்குப் போக, சாட்சி வங்கியிலேயே தங்கி, பதிவேட்டுக்காக அமுக்கி உடைக்கிற இயந்திரத்தின் வாய்க்குப் போகும். எலும்பு எப்படி இருக்கிறது என்று அது உடைகிற விதத்தில் தெரியும்.

பெட்டி கதிர்க்கூடத்திலிருந்து திரும்பி வந்தது. மூடியைத் திறந்தாள். ட்ரை ஐஸ் புகை விலகியதும் முதலில் அவள் பார்த்தது உறைமேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை. கதிர் பட்டால் மஞ்சள் சிவப்பாக மாற வேண்டும். இது ஆரஞ்சில் நின்றுவிட்டது. குளிரில் சிலசமயம் அப்படித்தான் அரைகுறையாக மாறும். அதுவும் அவள் பாடம் எடுப்பதில் ஒன்று. ஸ்டிக்கர் உள்ளே போய் வந்தது என்று மட்டும்தான் சொல்லும், எவ்வளவு கதிர் வாங்கியது என்பதைப் பெட்டியோடு வருகிற அளவுமானியின் ரீடிங்தான் சொல்ல வேண்டும். ரீடிங் சரியாக இருந்தது. வேறு யாருடைய எலும்பாக இருந்தாலும் மறுபேச்சில்லாமல் உறைபெட்டியில் அடுக்கிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பாள்.

அவள் அந்த ஆரஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த வாடை வந்தது.

கதிர்க்கூடம் அடுத்த கட்டடம். ஆளுயரத்துக்கும் மேல் கனமான சுவர்களுக்குப் பின்னால் இருந்து அதை இயக்குகிறவருக்குச் சுவர் என்றே பெயர். பேசினால் சில்லறை கொட்டிவிடும் என்பதுபோல் இருப்பார். இவள் ஒற்றை உறையைப் புதுப் பெட்டியில் ட்ரை ஐஸ் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்து நின்றதும் புருவத்தை உயர்த்தினார்.

"மறுபடியுமா?"

"ஸ்டிக்கர் சரியா மாறலண்ணே."

"ரீடிங் சரியா இருக்கே."

"இருக்கு. எனக்காக ஒருதரம் விடுங்க."

சுவர் அவளைப் பார்த்தார். வங்கியிலேயே விதிக்கு மறுபெயர் அவள்தான். அவள் சொன்னால் ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்திருக்க வேண்டும். தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியை உள்ளே போகிற சங்கிலியில் ஏற்றினார். இதில் வேடிக்கை என்னவென்றால், சாட்சித் துண்டை அவள் உருவி எடுத்து வைத்திருக்கலாம். எடுத்திருந்தால் ஒரு ஈ காக்கைக்கும் தெரிந்திருக்காது. சாட்சியை எலும்பை விட்டுப் பிரிக்கக் கூடாது என்பது விதி. ஒரு பெரிய விதியை மீறிக்கொண்டிருந்தவள் சின்ன விதியைப் பத்திரமாகக் காப்பாற்றினாள்.

திரும்பி வந்தபோது ஸ்டிக்கர் ரத்தச் சிவப்பாக இருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் நிம்மதியாகச் சாப்பிட்டாள். கொஞ்சம் சத்துக் குறைந்தால் குறையட்டும், சீழ் வைக்காதல்லவா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சீழைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். சத்துப் போன எலும்பை அவள் பார்த்ததில்லை.

அறுவை நாள் வந்தது. மதியத்துக்கு மேல்தான் என்று சொல்லியிருந்தார்கள். எலும்புப் பெட்டி காலையிலேயே மருத்துவமனைக்குக் கிளம்பிப் போய்விட்டது. வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று சோப்பு அரைநாள் வேலைக்கு வந்திருந்தாள். தம்பி பெண்டாட்டி மணிக்கு ஒரு தரம் போனில் கூப்பிட்டு, "அண்ணி, ஊசி போட்டாங்க", "அண்ணி, உடுப்பு மாத்தினாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

சோதனை அறையில் உடைப்பு அண்ணன் வழக்கம்போல் சாட்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக உடைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு அந்தப் பெயர் வந்ததற்கு வேலை பாதிக் காரணம், ரகசியம் எதையும் உடைத்துப் பேசுகிற வாய் மீதிக் காரணம். சோப்பு கையுறைப் பெட்டி எடுக்க அங்கே போனாள். நல்ல எலும்பை இயந்திரம் அமுக்கும்போது முதலில் லேசாக வளையும், முனகும், அப்புறம்தான் நார் நாராகப் பிரிந்து உடையும். அவர் அடுத்த துண்டை வைத்து அமுக்கினார். முனகல் இல்லை. சடக் என்று ஒரு சத்தம். தட்டில் தூள் சிதறியது.

"என்ன எழவு இது!" என்றார். இயந்திரம் காட்டிய எண்ணைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், விரலால் தூளைத் தேய்த்தார். "இதை யாரோ ரெண்டு தரம் உள்ள விட்டிருக்காங்க. எத்தனை வருஷமா இந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு இருக்கேன். இதுல ஒண்ணுமே இல்ல. சுண்ணாம்புக் கட்டி. இதைக் கொண்டுபோய் எவன் காலுல வெக்கப் போறாங்களோ, பாவம்."

சோப்பு கையுறைப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நேராகக் கை கழுவும் தொட்டிக்குப் போனாள்.

குழாயைத் திறந்தாள். யாருக்கும் தெரியாது என்று முதலில் தோன்றியது. உடைப்புக்குச் சந்தேகம் வந்திருக்கிறது, யார் என்று தெரியாது. சுவர் பேச மாட்டார். எலும்பு உள்ளே போய்விடும். புதிதாகப் போடுகிற தகடு தாங்கிப் பிடித்திருக்கும். சில மாதம் நன்றாகவே இருப்பதுபோல் தெரியும். அப்புறம் ஒருநாள் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மருத்துவர், "உடம்பு ஏத்துக்கல" என்பார். அப்படித்தான் சொல்வார்கள். பழி உடம்பின் மேல் போய்விடும். தம்பி தன் உடம்பைத் தானே திட்டிக்கொண்டு இன்னொரு கூண்டு மாட்டிக்கொள்வான்.

சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். வேறு எலும்பு அந்த அளவில் தயாராக இல்லை. ஒன்று, இந்நேரம் திறந்திருந்தால் காலை மூடிவிட்டு இன்னொரு நாள் திறக்க வேண்டும். சீழ் வைத்த காலை எத்தனை முறை திறப்பார்கள்? இல்லையென்றால் இடுப்பு. அவன் கும்பிட்டுக் கேட்டுக்கொண்ட அந்த ஒன்று. இன்னொரு இடத்தில் கத்தி, இன்னொரு புண், இன்னொரு கட்டுப் பிரித்தல். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. விரல்கள் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன. எத்தனை முறை கழுவினோம் என்று நினைவில்லை.

குழாயை மூடாமலே சோதனை அறைக்கு ஓடினாள்.

"அண்ணே, அது நான்தான். நான்தான் ரெண்டாவது தரம் விட்டேன்."

உடைப்பு சிரிக்கப் போனவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். "நீயா? நீ எதுக்கு..." அவருக்கே பிடிபட்டுவிட்டது. "உன் தம்பிக்குப் போற எலும்பா அது?"

அவள் தலையாட்டினாள். "இங்க ஏன் நின்னுட்டு இருக்க? ஓடு! மேனேஜர் மேடம்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றார்.

வாடகைக் காரில் ஏறியதிலிருந்து மருத்துவரின் எண்ணுக்கு அடித்துக்கொண்டே இருந்தாள். அணைத்து வைத்திருந்தார். வரவேற்பில் எடுத்த பெண், "தியேட்டருக்கு லைன் குடுக்க முடியாதுங்க, நேர்ல வாங்க" என்று வைத்துவிட்டாள். தம்பி பெண்டாட்டியைக் கூப்பிட்டாள். "உள்ள கொண்டுபோய் நேரமாச்சு அண்ணி. சிரிச்சுட்டேதான் போனாரு. நீங்க எங்க இருக்கீங்க?" இவள் போனை வைத்துவிட்டாள். முன்னால் ஒரு குப்பை வண்டி ஆடி அசைந்து போனது. ஓட்டுநரிடம் கெஞ்சினாள். அவர், "பறந்தா போக முடியும்?" என்றார். நியாயமான கேள்விதான்.

மருத்துவமனையில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. லிஃப்ட் மெக்கானிக்கை மேசையில் படுக்க வைத்துவிட்டால் லிஃப்டை யார் பார்ப்பது? படியேறினாள். நடுவில் ஒரு திருப்பத்தில் படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். மற்ற நாளாக இருந்தால் அந்தச் சுவரில் கைபட்டதற்கே பத்து முறை கழுவியிருப்பாள்.

தியேட்டர் வாசல் பெஞ்சில் இருந்த தம்பி பெண்டாட்டி இவள் ஓடி வருவதைப் பார்த்ததும் வெலவெலத்து எழுந்தாள். "என்ன அண்ணி? என்ன ஆச்சு?"

"இரும்மா, வந்து சொல்றேன்" என்று கதவைத் தட்டினாள். சிஸ்டர் எட்டிப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார். "எலும்பை வெச்சுட்டாங்களா? வைக்கக் கூடாது! நான் வங்கியில இருந்து வர்றேன், வைக்கக் கூடாதுன்னு சொல்லுங்க!" என்று இவள் போட்ட சத்தத்தில் சிஸ்டர் உள்ளே ஓடினார்.

மருத்துவர் முகமூடியோடு வாசலுக்கு வந்தார். கையுறை போட்ட கைகளை எதிலும் படாமல் மார்புக்கு நேரே பிடித்திருந்தார். கண்ணில் கோபம்.

"எலும்பு உப்புத் தண்ணியில ஊறுது. இன்னும் கொஞ்ச நேரத்துல வெச்சிருப்பேன். என்ன விஷயம்? சுத்தமில்லையா அது?"

"சுத்தமா இருக்கு டாக்டர்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. "ஒரு கிருமி இல்ல. ஒண்ணுமே இல்ல அதுல. நான் ரெண்டு தரம் கதிர் விட்டுட்டேன். சீழ் வெச்சிடுமோன்னு பயந்து விட்டுட்டேன். சாட்சித் துண்டு தூளாப் போச்சு. அதை வெச்சா சேராது டாக்டர்."

பெஞ்சுப் பக்கம் ஒரு சத்தம். தம்பி பெண்டாட்டி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மருத்துவர் திரும்பிக் கதவு வழியாக உள்ளே மேசையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "காலைத் திறந்தாச்சு. உள்ள நல்லா சுத்தமா இருக்கு, இப்படி மறுபடி அமையுமான்னு சொல்ல முடியாது. மூடிட்டு இன்னொரு நாள் திறக்க நான் விரும்பல. இடுப்புல எடுத்தா இன்னைக்கே முடிச்சிடலாம். ஆனா அவன் வேண்டாம்னு எழுதிக் குடுத்திருக்கான். முதுகுல ஊசி போட்டுத்தான் பண்றோம், முழிச்சுதான் இருக்கான்." அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நான் கேக்க மாட்டேன். உள்ள வந்து நீங்களே கேளுங்க."

பச்சை அங்கி, தொப்பி, முகமூடி எல்லாம் மாட்டிவிட்டார்கள். தொட்டியில் கை கழுவச் சொன்னார்கள். வாழ்நாளில் முதல்முறையாக அவள் கழுவி முடித்துவிட்டுக் குழாயைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தம்பியின் மார்புக்குக் கீழே ஒரு திரை கட்டியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. தலைமாட்டில் போய் நின்றாள். அவன் கண்ணை மேலே உருட்டிப் பார்த்தான். முகமூடிக்கு மேலே தெரிந்த கண்ணை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்.

"என்னக்கா, இங்கயும் கழுவ வந்துட்டியா?"

அவள் குனிந்தாள். "அந்த எலும்பு ஆகாதுடா. நான் கெடுத்துட்டேன். சிவப்பு சரியா வரலன்னு... ரீடிங் சரியாத்தான் இருந்துச்சு... நான்தான் பயந்துபோய் இன்னொரு தரம்..."

ஏதோ ஒரு கருவி பீப், பீப் என்றது. தம்பி கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

"இதையும் காய்ச்சிட்டியா?" என்றான்.

பக்கத்தில் நின்ற சிஸ்டருக்குப் புரியவில்லை. சோப்புக்குப் புரிந்தது. ஆமாம் என்று தலையாட்டினாள். முகமூடி நனைந்து மூக்கோடு ஒட்டிக்கொண்டது.

"அப்போ இடுப்பா?"

"ஆமா."

அவன் கண்ணை மூடினான். ஓரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைக்கத்தான் அவளுக்குக் கை போனது. அந்த இடத்தில் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல் கையை நடுவிலேயே நிறுத்திக்கொண்டாள்.

"எடுத்துக்கச் சொல்லு," என்றான் கண்ணைத் திறக்காமல். "வலிக்கும்போது உன்னைத்தான் திட்டுவேன். பக்கத்துலயே இருந்து வாங்கிக்கணும். கை கழுவப் போறேன்னு எந்திரிச்சுப் போகக் கூடாது."

சொன்னபடியே திட்டினான். மரத்துப்போனது தெளிந்ததும் ஆரம்பித்தவன் நாள் கணக்கில் ஓயவில்லை. இருமும்போது திட்டினான், புரளும்போது திட்டினான். ஒருதரம் இவள் திருதிருவென்று முழித்ததைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட, சிரித்ததால் வந்த வலிக்கும் சேர்த்துத் திட்டினான். அவள் நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். தம்பி பெண்டாட்டி திட்டவில்லை. இவள் கொண்டுவரும் கஞ்சியை வாங்கி வைப்பாள், முகத்தைப் பார்க்க மாட்டாள். அண்ணி என்ற வார்த்தையே அவள் வாயிலிருந்து வரவில்லை. அதுதான் சோப்பை அதிகம் அறுத்தது.

வங்கியில் மேடம் கூப்பிட்டு, உறை ஒட்டும் வேலையிலிருந்து அவளை எடுத்துவிட்டதாகச் சொன்னார். இனிமேல் இரண்டாம் தரம் எதுவும் சுவரிடம் போக வேண்டுமானால் இன்னொருவர் சொல்ல வேண்டும் என்று விதியும் வந்தது. சுவருக்கும் நல்ல மண்டகப்படி. எலும்பு கழுவுகிற முதல் அறைக்கு அவளைப் போட்டார்கள். கழுவிக் கழுவி ஆசை தீரட்டும் என்று உடைப்பு அண்ணன் சொன்னதாகக் கேள்வி.

ஒவ்வொரு கட்டுப் பிரிப்பும் அவளுக்கு ஒரு கண்டம். காலில் ஒன்று, இடுப்பில் ஒன்று. சிஸ்டர் பஞ்சை எடுக்கும்போது இவள் மூச்சை அடக்கிக்கொள்வாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துப் பார்ப்பாள். மருந்து வாடைதான் இருந்தது. தையல் பிரித்தார்கள், புண் ஆறியது. அப்போதும் எலும்பு சேர வேண்டுமே. முதல் எக்ஸ்ரேயில் இடைவெளி இடைவெளியாகவே இருந்தது. மருத்துவர் எதுவும் உறுதி சொல்லவில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

அடுத்த எக்ஸ்ரேக்குப் போனபோது அறையில் மருத்துவர் வருவதற்கு முன்பே படம் வந்துவிட்டது. விளக்குப் பலகையில் சிஸ்டர் மாட்டிவிட்டுப் போனார். தம்பி ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். அவன் பெண்டாட்டி நகத்தைக் கடித்தாள். சோப்பு மட்டும் எழுந்து பலகைக்குக் கிட்டே போனாள்.

தகடு வெள்ளை வெளேரென்று தெரிந்தது. திருகாணிகள் தெரிந்தன. மேல் எலும்பு, கீழ் எலும்பு. நடுவில் அந்த இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் யாரோ அழுக்கு விரலை வைத்துவிட்டதுபோல் மங்கலாக ஒரு கறை. படத்தைக்கூடச் சுத்தமாகப் பிடிக்கத் தெரியவில்லையே என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் துடைத்தாள். போகவில்லை. கிட்டே போய் வாயால் ஊதி, ஈரமாக்கி, அழுத்தித் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. கைக்குட்டையைத் திருப்பிப் பிடித்து மறுபடி கையை ஓங்கியபோது பின்னாலிருந்து யாரோ மணிக்கட்டைப் பிடித்தார்கள். மருத்துவர்.

"துடைக்காதீங்கம்மா," என்றார். "அதுதான் எலும்பு."